வீட்டுக்குக் கைப்பிடிச்சுவர்: சிங்கப்பூரில் வாழும் கிறிஸ்தவத் தகப்பனுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

புது வீடு கட்டுகிறவன் மொட்டைமாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும் என்று உபாகமம் 22:8 கட்டளையிடுகிறது. யாராவது தவறி விழுந்து இறந்தால் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும். இஸ்ரவேலில் மாடி வெறும் கூரையாக இருக்கவில்லை. ராகாப் அங்கே சணல்தட்டைகளைப் பரப்பி வைத்திருந்தாள், பேதுரு அங்கே ஏறி ஜெபித்தார். ஆட்கள் புழங்கும் இடம் என்பதால் விபத்து நடக்கும் முன்பே சுவர் இருந்தாக வேண்டும்.

தகப்பனின் பாதுகாப்பு என்றதும் பலர் மனத்தில் வாளேந்திய வீரன் வருகிறான். சிங்கப்பூரில் நள்ளிரவில் வீட்டுக்குள் கொள்ளையன் புகும் வாய்ப்பு மிகக் குறைவு. இங்கே குடும்பங்களைச் சாய்ப்பவை வேறு: கையெழுத்தாகாமல் கிடக்கும் பத்திரம், மனைவிக்குத் தெரியாத கடன், பிள்ளையின் கைப்பேசி, தகப்பனின் சொந்தக் கோபம். இவற்றுக்கெல்லாம் வீரம் தேவையில்லை. சில மாலைநேரங்களும் கொஞ்சம் கூச்சமின்மையும் போதும்.

கீழே உள்ள படிகளை வரிசைப்படி செய்யுங்கள். முதல் படி பிடிக்காது என்று தாண்டிப் போனால் மற்றவை நிற்காது.

படி 1: முதலில் உங்களிடமிருந்து காப்பாற்றுங்கள்

ஆபிரகாம் தன் உயிருக்குப் பயந்து சாராளைச் சகோதரி என்று சொல்லி இரண்டு முறை ஆபத்தில் தள்ளினார். ஈசாக்கும் கேராரில் அதையே செய்தார். வேதம் இதை மறைக்கவில்லை. குடும்பத்துக்கு வரும் ஆபத்து சில நேரம் தகப்பன் வழியாகவே வரும் என்பதை ஏற்றுக்கொள்வதுதான் தொடக்கம்.

"பிதாக்களே, நீங்களும் உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல், கர்த்தருக்கேற்ற சிட்சையிலும் போதனையிலும் அவர்களை வளர்ப்பீர்களாக" (எபேசியர் 6:4). இதில் 'சிட்சை' மட்டும் பல வீடுகளில் நினைவிருக்கிறது. முன்பாதி மறந்துபோகிறது.

செய்ய வேண்டியது இது. உங்களுக்குக் கோபம் வரும் நேரத்தையும் காரணத்தையும் எழுதுங்கள். பெரும்பாலும் அது வேலை முடிந்து வீட்டுக்கு வந்த முதல் அரைமணி நேரம், பரீட்சைத் தாள் கைக்கு வரும் நாள், பணம் பற்றிய பேச்சு என்று மூன்று நான்கு இடங்களில்தான் குவிந்திருக்கும். அந்தப் பட்டியலை மனைவியிடம் காட்டி, அவர் சேர்ப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். (அவர் சேர்ப்பவைதான் பெரும்பாலும் சரியாக இருக்கும்.) கோபமாக இருக்கும்போது பிள்ளையைத் தண்டிப்பதில்லை என்று ஒரு விதி வையுங்கள். புளோக்கின் கீழே இறங்கி இருபது நிமிடம் நடந்துவிட்டு வந்து பேசுங்கள். தவறு செய்தால் பிள்ளையிடம் மன்னிப்புக் கேளுங்கள். அந்த வாக்கியத்தில் 'ஆனால்' வரக்கூடாது.

வீட்டில் யாரையாவது அடித்திருந்தால் ஜெபம் மட்டும் போதாது. குடும்பச் சேவை நிலையத்துக்குப் போய் ஆலோசகரைப் பாருங்கள். பாதிக்கப்பட்டவர் 24 மணி நேரமும் அழைக்கக்கூடிய வன்முறை உதவி எண் 1800-777-0000. குடும்ப நீதிமன்றத்தில் தனிநபர் பாதுகாப்பு ஆணையும் கேட்கலாம். 2025 ஜனவரி 2 முதல் சட்டத்தில் குடும்ப வன்முறையின் வரையறை விரிந்திருக்கிறது. உடல்ரீதியானது மட்டுமன்றி, மனத்தைச் சிதைக்கும் நடத்தையும் அதில் அடங்கும். அடிவாங்கும் மனைவியை "பொறுத்துக்கொள்ளம்மா, கர்த்தர் மாற்றுவார்" என்று திருப்பியனுப்பும் சபை மூப்பர், கைப்பிடிச்சுவரை இடிக்கும் வேலையைச் செய்கிறார். கணவனின் தலைமையைப் பற்றிப் பேசும் அதே எபேசியர் 5, கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்ததை அளவுகோலாக வைக்கிறது. அடிப்பதற்கு அங்கே இடமில்லை.

சூதாட்டம் இருந்தால் மன உறுதியை நம்பாதீர்கள், வாசலை அடைத்துவிடுங்கள். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் கசினோவுக்குள் போக ஒரு நாளுக்கு 150 வெள்ளி, ஆண்டுக்கு 3,000 வெள்ளி நுழைவுக்கட்டணம். அது பலரைத் தடுப்பதில்லை. கட்டிய காசை எடுத்துவிட வேண்டும் என்று இன்னும் கூடுதலாக ஆடுகிறவர்கள் உண்டு. பிரச்சினைச் சூதாட்டத்துக்கு எதிரான தேசிய மன்றத்தில் நீங்களே சுயவிலக்கு கேட்கலாம். மனைவியோ பெற்றோரோ குடும்ப விலக்கு ஆணைக்கு விண்ணப்பிக்கலாம். கசினோவோடு நிறுத்தாமல் ஜாக்பாட் அறைகள், சிங்கப்பூர் பூல்ஸ் இணையக் கணக்கு இரண்டையும் சேர்த்து விலக்குங்கள். ஈரச்சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் நாலு நம்பர் லாட்டரிக் கடையை இப்படி அடைக்க முடியாது. அதற்கு ஒரே வழி, சம்பளம் வரும் கணக்கு மனைவியின் கண்ணில் இருப்பதும் கையில் ரொக்கம் குறைவாக இருப்பதும்தான். மன்றத்தின் உதவி எண் 1800-6668-668.

படி 2: பத்திரங்கள்

"ஒருவன் தன் சொந்த ஜனங்களையும், விசேஷமாகத் தன் வீட்டாரையும் விசாரியாமற்போனால், அவன் விசுவாசத்தை மறுதலித்தவனும், அவிசுவாசியிலும் கெட்டவனுமாயிருப்பான்" (1 தீமோத்தேயு 5:8). பவுல் இதை விதவைகளைப் பராமரிப்பது பற்றிய பகுதியில் எழுதுகிறார். அதாவது, ஒரு ஆண் இல்லாமற்போன பின் வீட்டில் என்ன நடக்கிறது என்பதே அங்கே பேச்சு. மரணத்தைப் பற்றிப் பேசினால் அபசகுனம் என்று நினைப்பவர்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். உயிர்த்தெழுதலை நம்புகிறவனுக்கு அந்தப் பயம் பொருந்தாது.

மசேநிதி நியமனம். மத்திய சேமநிதியில் உள்ள பணம் உயிலுக்குள் வராது. உயிலில் "என் மசேநிதி எல்லாம் மனைவிக்கு" என்று எழுதினாலும் செல்லாது, தனியாக நியமனம் செய்ய வேண்டும். இணையத்தில் சிங்பாஸ் என்ற அரசு மின்அடையாளம் மூலம் இலவசமாகச் செய்யலாம். 21 வயது நிரம்பிய இரண்டு சாட்சிகள் வேண்டும். நியமிக்கப்படுகிறவர் சாட்சியாக இருக்க முடியாது. பலர் படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டு முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். சாட்சிகளும் தங்கள் பங்கை முடித்தால்தான் அது நியமனம்.

தவறு நடக்கும் இடங்கள் மூன்று. ஒன்று, திருமணம் பழைய நியமனத்தை ரத்து செய்துவிடும். கல்யாணத்துக்கு முன் அம்மாவின் பெயரைப் போட்டவர், பின்பு எதையும் செய்யாவிட்டால் நியமனமே இல்லாதவர் ஆகிறார். இரண்டு, விவாகரத்து ரத்து செய்யாது. மூன்று, 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை நேரடியாக நியமித்தால், அந்தப் பங்கு பிள்ளைக்கு 18 ஆகும்வரை பொது அறங்காவலரிடம் இருக்கும். அடுத்த மாதப் பள்ளிச் செலவுக்கு மனைவியால் அதை உடனே எடுக்க முடியாது. பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தால் பெரும்பங்கை மனைவிக்கு நியமிப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

நியமனமே இல்லாவிட்டால் பணம் பொது அறங்காவலர் வழியாக, கட்டணம் கழித்து, உயிலில்லாச் சொத்துச் சட்டப்படி பிரியும். அந்தச் சட்டத்தில் மனைவிக்குப் பாதி, பிள்ளைகளுக்குச் சமமாக மறுபாதி. பிள்ளைகள் இருந்தால் உங்கள் பெற்றோருக்கு எதுவும் இல்லை. ஊரில் இருக்கும் அம்மாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறவர் இதை இரண்டு முறை வாசிக்க வேண்டும். அம்மாவுக்கு ஏதாவது போய்ச்சேர வேண்டுமென்றால் நியமனத்திலோ உயிலிலோ அவர் பெயர் இருந்தாக வேண்டும்.

உயில். வயது 21 ஆகியிருக்க வேண்டும். இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடனிருந்து, நீங்கள் கையெழுத்திடுவதைப் பார்த்து, அவர்களும் கையெழுத்திட வேண்டும். சாட்சியோ சாட்சியின் கணவன் மனைவியோ உயிலில் பங்கு பெற முடியாது, அப்படிப் போட்டால் அந்தப் பங்கு போய்விடும். ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் சபையார் இருவரைச் சாட்சிக்கு அழைத்துக்கொள்ளலாம். சபைக்கு ஏதாவது எழுதியிருந்தால் போதகரை மட்டும் சாட்சியாகப் போடாதீர்கள், வீண் பேச்சுக்கு இடமாகும். உயிலும் திருமணத்தால் ரத்தாகும்.

உயிலிலேயே பிள்ளைகளுக்குப் பாதுகாவலரை நியமியுங்கள். நீங்களும் மனைவியும் ஒரே விபத்தில் போனால் பிள்ளையை யார் வளர்ப்பது என்பது சித்தப்பாவும் மாமாவும் சண்டையிட்டுத் தீர்க்கும் கேள்வி ஆகிவிடக் கூடாது. முதலில் அவரிடம் கேட்டு, சம்மதம் வாங்கி, ஒரு மாற்றுப் பெயரையும் போடுங்கள். விசுவாசத்தில் வளர்ப்பவர் வேண்டும் என்பது உங்கள் விருப்பமாக இருந்தால் அதை அவரிடம் நேரில் சொல்லிவிடுங்கள்.

வீடு யார் பெயரில், எப்படி. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டைக் கணவன் மனைவி கூட்டு உரிமையாக வைத்திருந்தால், ஒருவர் இறந்தபின் மற்றவருக்கே முழு வீடும் போகும், உயில் அதைத் தொடாது. பங்கு பிரித்த உரிமையாக இருந்தால் உங்கள் பங்கு உயிலின்படி போகும். எது என்று தெரியாதவர்கள் நிறைய. வீவக இணையத்தளத்தில் சிங்பாஸ் மூலம் நுழைந்து பார்த்துவிடுங்கள்.

வீட்டுப் பாதுகாப்புத் திட்டம், அதாவது எச்பிஎஸ். வீவக வீட்டுக் கடனின் மாதத் தவணையை மசேநிதியிலிருந்து கட்டினால் இதில் இருப்பீர்கள். இறப்போ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் மீதிக் கடனை அது அடைக்கும். ஆனால் எத்தனை விழுக்காடு என்பதைப் பாருங்கள். கணவன் 50, மனைவி 50 என்று எடுத்திருந்தால், நீங்கள் போனபின் பாதிக் கடன் அப்படியே நிற்கும். ஒற்றைச் சம்பளத்தில் அதைக் கட்ட முடியுமா என்று கணக்குப் போடுங்கள். முடியாதென்றால் இருவருக்கும் 100 விழுக்காடு எடுக்கலாம். காண்டோமினியம் போன்ற தனியார் வீடுகளுக்கு இந்தத் திட்டம் கிடையாது, அங்கே தனியார் காப்புறுதிதான்.

காப்புறுதி எவ்வளவு. சார்ந்திருப்போர் பாதுகாப்புத் திட்டம் என்ற டிபிஎஸ், குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 21 வயதிலிருந்து, முதல் மசேநிதிச் சந்தாவோடு தானாகவே தொடங்கும். 60 வயதுவரை 70,000 வெள்ளி, அதன்பின் 65 வரை 55,000. அது தொடக்கப்புள்ளி மட்டுமே. நாணய வாரியம் மற்ற அமைப்புகளுடன் வெளியிட்ட அடிப்படை நிதித் திட்டமிடல் வழிகாட்டி, இறப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் ஆண்டு வருமானத்தைப் போல் 9 மடங்கு, கடும் நோய்க்கு 4 மடங்கு, அவசரச் சேமிப்பாக 3 முதல் 6 மாதச் செலவு என்கிறது. பாதுகாப்புக்கான காப்புறுதிச் சந்தா வருமானத்தில் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது.

மாதம் 4,000 வெள்ளி வாங்குகிறவரை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 48,000. ஒன்பது மடங்கு 432,000. டிபிஎஸ் 70,000 கழித்தால் 362,000 குறைகிறது. கடும் நோய்க்கு 192,000. இந்த அளவு காப்பை முதலீடு கலந்த திட்டத்தில் வாங்கப் போனால் சந்தா கட்டுப்படியாகாது. குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் காப்பளிக்கும் டெர்ம் காப்புறுதியில் முடியும். கடைசிப் பிள்ளை சம்பாதிக்கத் தொடங்கும் வயதுவரை எடுத்தால் போதும்.

ஒரு பேச்சு இங்கே அவசியம். நம் சபைகளில் காப்புறுதி முகவர்கள் உண்டு. நல்லவர்கள்தான். ஆனாலும் ஜெபக்குழுவில் பக்கத்தில் உட்காருகிறவர் என்பதற்காகக் கையெழுத்திட வேண்டியதில்லை. திட்ட ஆவணம் கைக்கு வந்த பிறகு 14 நாளுக்குள் வேண்டாமென்று திருப்பித் தரலாம். மூன்று நிறுவனங்களின் டெர்ம் விலையை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பேசினால் சகோதர அன்பும் கெடாது.

எல்பிஏ எனப்படும் நீடித்த அதிகாரப் பத்திரம். பக்கவாதமோ விபத்தோ வந்து நீங்கள் உயிரோடிருந்தும் முடிவெடுக்க முடியாமல் போனால், இது இல்லாத மனைவி உங்கள் பெயரில் மட்டும் உள்ள வங்கிக்கணக்கைத் தொட முடியாது. நீதிமன்றத்துக்குப் போய் அனுமதி வாங்க மாதங்களும் வழக்கறிஞர் செலவும் ஆகும். பொதுப் பாதுகாவலர் அலுவலகத்தின் இணையத்தளத்தில் படிவம் 1 நிரப்பி, மனைவியையும் ஒரு மாற்று ஆளையும் போட்டு, சான்றளிக்க அங்கீகாரம் பெற்ற மருத்துவர் அல்லது வழக்கறிஞர் முன் முடிக்க வேண்டும். சான்றளிப்பவர்களின் கட்டணம் இடத்துக்கு இடம் மாறும், முன்பே தொலைபேசியில் விசாரியுங்கள். அறுபது வயதானவர்களுக்கான காரியம் என்று ஒதுக்காதீர்கள், மோட்டார்சைக்கிளில் வேலைக்குப் போகிற முப்பது வயதுக்காரருக்கு இது இன்னும் அவசரம்.

சிறப்புத் தேவையுள்ள பிள்ளை இருந்தால் பணத்தை மொத்தமாக அவர் பெயரில் விடாதீர்கள். சிறப்புத் தேவை அறக்கட்டளை நிறுவனம் இதற்காகவே இருக்கிறது. மசேநிதியை மாதத் தவணையாகப் பிள்ளைக்குப் போகச்செய்யும் சேமிப்புத் திட்டமும் உண்டு.

வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு

எகிப்துக்கு மரியாளையும் பிள்ளையையும் இரவோடிரவாக அழைத்துப்போன யோசேப்பு சுவிசேஷங்களில் ஒரு வார்த்தைகூடப் பேசுவதாக எழுதப்படவில்லை. சொப்பனத்தில் எச்சரிப்பு வந்ததும் எழுந்து போகிறார். திரும்பி வரும்போது யூதேயாவில் அர்கெலாயு ஆளுகிறான் என்று கேள்விப்பட்டு அங்கே போகப் பயந்து, தேவ எச்சரிப்பின்படி கலிலேயாவுக்குத் திரும்புகிறார். அந்நிய நாட்டில் குடும்பம் வைத்திருப்பவர் கற்க வேண்டியது இந்த ஆயத்தம்.

உங்களுக்கு மசேநிதியும் டிபிஎஸும் மெடிஷீல்டு லைஃப் என்ற அடிப்படை மருத்துவக் காப்புறுதியும் கிடையாது. குடும்பத்தின் அனுமதி உங்கள் வேலையோடு கட்டப்பட்டது. வேலை போய் அனுமதி ரத்தானால் பொதுவாக 30 நாள் குறுகியகால அனுமதிதான் கிடைக்கும். ஆகவே அவசரச் சேமிப்பு மூன்று மாதம் போதாது, ஆறு மாதம் வையுங்கள். நிறுவனத்தின் குழுக் காப்புறுதியை மட்டும் நம்பாதீர்கள், அது வேலையோடு போய்விடும். பிள்ளைகளின் கடப்பிதழ் காலாவதித் தேதியை எழுதிவையுங்கள்.

கட்டுமானத் தளத்திலோ கப்பல் பட்டறையிலோ வேலை செய்து, குடும்பத்தை ஊரில் வைத்திருப்பவர்: வேலையிடக் காயத்துக்கான இழப்பீட்டுச் சட்டம் உங்களையும் காக்கிறது. விபத்து நடந்து ஓராண்டுக்குள் கோர வேண்டும். மனைவியிடம் உங்கள் வேலை அனுமதி எண், நிறுவனத்தின் பெயர், ஒரு நம்பகமான நண்பரின் எண் மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். ஊரில் உள்ள நிலத்தின் பத்திரம் எங்கே, பட்டா யார் பெயரில் என்பதும் அந்தத் தாளிலேயே.

படி 3: கடனும் பிணையும்

நீதிமொழிகள் 22:26-27 பிணைக் கையெழுத்தைப் பற்றி எச்சரிக்கிறது: கொடுக்க வகையில்லாதவனின் படுக்கையையே எடுத்துக்கொண்டு போவார்கள். நம் சமூகத்தில் "அண்ணே, ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க" என்ற வேண்டுகோளுக்கு மறுப்புச் சொல்வது கடினம். மனைவியின் சம்மதம் இல்லாமல் பிணை போடுவதில்லை என்று வீட்டில் ஒரு விதி இருந்தால், பதிலைச் சொல்லும் சுமை குறையும்: "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்." உதவ மனமிருந்தால், திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்ற தொகையை அன்பளிப்பாகவே கொடுத்துவிடுங்கள்.

உரிமம் பெற்ற கடன்கொடுப்பவர் மாதத்துக்கு அதிகபட்சம் 4 விழுக்காடு வட்டிதான் வாங்கலாம். குறுஞ்செய்தியிலோ வாட்ஸ்அப்பிலோ "உடனடிக் கடன்" என்று வருபவர் ஆலோங்தான், அதாவது உரிமமில்லாத வட்டிக்காரர், பதிலே அனுப்பாதீர்கள். உரிமம் பெற்றவர்களுக்கு அப்படி விளம்பரம் செய்ய அனுமதியில்லை. ஏற்கெனவே சிக்கியிருந்தால் போலிஸின் 1800-924-5664 எண்ணுக்கு அழையுங்கள். வங்கிக் கடன்கள் மேலே மேலே ஏறிவிட்டால் கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் அமைப்பு தவணைத் திட்டம் போட உதவும். அங்கே போகும் முன் எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதி மனைவியிடம் காட்டுங்கள். பாதியை மறைத்துப் போடும் திட்டம் நிலைக்காது.

மோசடி விஷயத்தில் இரண்டு வேலை. வங்கிச் செயலியில் 'மனி லாக்' வசதியில் சேமிப்பின் பெரும்பகுதியைப் பூட்டுங்கள், அந்தப் பணம் இணையவழி வெளியே போகாது. 55 வயதைத் தாண்டிய உங்கள் பெற்றோரின் மசேநிதிக் கணக்கில் பணமெடுப்பைத் தடுக்கும் பூட்டு போட்டுக்கொடுங்கள். சந்தேகமான அழைப்பு வந்தால் 1799. சிங்பாஸையோ வங்கிக்கணக்கையோ "வாடகைக்கு" யாருக்கும் கொடுப்பது குற்றம் என்பதை, முக்கியமாகத் தேசிய சேவை முடித்துப் பணத்துக்கு வழி தேடும் மகனிடம், சொல்லிவையுங்கள்.

படி 4: வீட்டின் உண்மையான கைப்பிடிச்சுவர்

இதைச் சொல்லுக்குச் சொல் செய்யலாம். வெளிப்பக்கம் திறக்கும் சன்னல்களில் அலுமினிய ரிவெட்டுகள் இருந்தால் துருப்பிடிக்காத எஃகு ரிவெட்டுகளாக மாற்ற வேண்டும் என்பது 2004 முதல் சட்டம், பொறுப்பு வீட்டு உரிமையாளருடையது. நகரும் சன்னலில் தடுப்பான்கள் தேய்ந்து கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். சோபா, கட்டில், பிளாஸ்டிக் நாற்காலி எதுவும் சன்னலடியில் வேண்டாம். குழந்தை ஏறுவது அதில்தான். கம்பிக்கதவுப் பூட்டின் சாவி பெரியவர்கள் கைக்கெட்டும் ஆணியில் தொங்கட்டும். தீப்பிடித்தால் தேடிக்கொண்டிருக்க முடியாது.

தீ எச்சரிக்கைக் கருவி 2018 ஜூன் 1 முதல் புதிய வீடுகளுக்குக் கட்டாயம். பழைய வீட்டில் இருக்காது, வாங்கி மாட்டுங்கள், மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திச் சோதியுங்கள். மின்ஸ்கூட்டரையும் மின்சைக்கிளையும் இரவில் தூங்கும்போது மின்னேற்றாதீர்கள். வாசற்கதவுக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம், வெளியேறும் ஒரே வழி அது. எண்ணெய்ச் சட்டியில் தீ பற்றினால் தண்ணீர் ஊற்றாமல் அடுப்பை அணைத்து மூடியைப் போடுங்கள். தீக்கும் ஆம்புலன்சுக்கும் 995, போலிஸுக்கு 999. ஆறு வயதுப் பிள்ளைக்கும் புளோக் எண்ணும் மாடி எண்ணும் மனப்பாடமாக இருக்கட்டும்.

படி 5: பிள்ளையின் உடலும் கைப்பேசியும்

தாவீதின் மகள் தாமாரை அவருடைய இன்னொரு மனைவியின் மகன் அம்னோன் கெடுத்தபோது தாவீது மிகவும் கோபப்பட்டார் என்று 2 சாமுவேல் 13 சொல்கிறது. அதன்பின் அவர் எதுவும் செய்ததாக இல்லை. தாமாரின் உடன்பிறந்த அண்ணன் அப்சலோம் அவளைச் சும்மாயிரு என்றான். இரண்டு வருடம் கழித்து அம்னோனைக் கொன்றான். கோபம் வருவது பாதுகாப்பாகாது என்பதற்கு இதைவிடக் கடுமையான பாடம் வேதத்தில் இல்லை.

பிள்ளைகளைத் தவறாகத் தொடுகிறவர் பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்தவர்: உறவினர், டியூஷன் ஆசிரியர், சபையில் உள்ளவர். மூன்று நான்கு வயதிலேயே உடல் உறுப்புகளின் சரியான பெயர்களைச் சொல்லிக்கொடுங்கள். 'ரகசியம்' வேண்டாம், 'ஆச்சரியம்' இருக்கலாம் என்று பழக்குங்கள். பிறந்தநாள் பரிசு ஆச்சரியம், அது ஒருநாள் தெரிந்துவிடும். "அம்மா அப்பாவிடம் சொல்லாதே" என்று யார் சொன்னாலும் வந்து சொல்ல வேண்டும். மாமாவை முத்தமிடச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள், வணக்கம் போதும். மரியாதை கெட்டுவிடாது.

ஞாயிறு பள்ளியிலும் முகாமிலும் ஒரு பிள்ளையுடன் ஒரே ஒரு பெரியவர் தனியறையில் இருக்கக்கூடாது என்ற விதி உண்டா, கதவில் கண்ணாடி உண்டா, தங்கும் முகாமில் யார் யாருடன் படுக்கிறார்கள் என்று கேளுங்கள். கேட்டதற்காகச் சபை வருத்தப்பட்டால், அந்த வருத்தமே ஒரு தகவல்.

பிள்ளை எதையாவது சொன்னால் கத்தாதீர்கள், குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். "சொன்னது நல்லது, உன்மேல் தப்பில்லை" என்பது போதும். அவர் சொன்ன சொற்களையே எழுதிவையுங்கள். சமீபத்தில் நடந்ததென்றால் உடையைத் துவைக்க வேண்டாம். செய்தவரிடம் போய்ச் சண்டையிட்டால் அவர் ஆதாரங்களை அழிப்பார். போலிஸிடம் போங்கள். சபைக்குள் வைத்துப் பேசி முடிப்பது தீர்வல்ல.

கைப்பேசிக்கு வருவோம். சுகாதார, கல்வி அமைச்சுகளின் ஆலோசனைப்படி 18 மாதம்வரை திரை வேண்டாம். 6 வயதுவரை பள்ளிக்கு வெளியே ஒரு மணி நேரத்துக்குள். 7 முதல் 12 வரை பள்ளிவேலை தவிர இரண்டு மணி நேரத்துக்குள். சாதனத்தில் ஸ்கிரீன் டைம் அல்லது ஃபேமிலி லிங்க் கட்டுப்பாட்டை அமைக்கும்போது பிள்ளையின் உண்மையான பிறந்த ஆண்டையே கொடுங்கள். வயதைக் கூட்டிப் போட்டால் கட்டுப்பாடுகள் வேலை செய்யாது. விளையாட்டுகளில் அந்நியர் அரட்டையை அணைத்துவிடுங்கள். இரவு எல்லாக் கைப்பேசியும், உங்களுடையதும், வரவேற்பறையில் மின்னேறட்டும். உயர்நிலைப்பள்ளி மாணவரின் கற்றல் சாதனத்துக்குப் பள்ளி நேரத்துக்குப் பிந்திய கட்டுப்பாட்டைப் பெற்றோர் தேர்ந்தெடுக்கலாம், பள்ளியில் கேளுங்கள். இவ்வளவும் செய்தபின் இழுப்பறையில் கிடக்கும் பழைய கைப்பேசியை மறந்துவிடாதீர்கள். ஓட்டை பெரும்பாலும் அங்கேதான்.

யாராவது படத்தை வைத்து மிரட்டினால் உடனே வந்து சொல்ல வேண்டும், அதற்காகக் கைப்பேசியைப் பிடுங்க மாட்டேன் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுங்கள். பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம்தான் பிள்ளைகளை மௌனமாக்குகிறது. பணம் அனுப்பக் கூடாது, உரையாடலையும் கணக்குப் பெயரையும் அழிக்கக் கூடாது.

மின்சிகரெட்டில் கலக்கப்படும் எட்டோமிடேட் என்ற மயக்க மருந்து 2025 செப்டம்பர் 1 முதல் போதைப்பொருளாக வகைப்படுத்தப்பட்டது. பழவாசனை, தள்ளாட்டம், பேனா போன்ற சிறு கருவி ஆகியவற்றைக் கவனியுங்கள். கண்டுபிடித்த இரவில் பிரசங்கம் வேண்டாம். மறுநாள் உதவி நாடுங்கள். மன உளைச்சலுக்கு 1771, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் 1767, இரண்டும் எந்நேரமும்.

படி 6: வீட்டில் இருத்தல், ஜெபித்தல்

இல்லாத தகப்பனால் காக்க முடியாது. குடிமக்களாகப் பிறக்கும் குழந்தைகளின் தகப்பன்மார்களுக்கு 2025 ஏப்ரல் 1 முதல் 4 வாரச் சம்பள விடுப்பு சட்ட உரிமை. பகிர்ந்துகொள்ளும் பெற்றோர் விடுப்பு 2026 ஏப்ரல் 1 முதல் இருவருக்கும் சேர்த்து 10 வாரம். குடிமகனான ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஆண்டுக்கு 6 நாள் பிள்ளைப் பராமரிப்பு விடுப்பும் உண்டு. எடுங்கள். மேலாளர் முகம் சுளிப்பார் என்று விடுகிறவர்கள் ஏராளம்.

குடும்ப ஜெபம் பத்து நிமிடம் போதும். நீண்டால் நாளடைவில் நின்றுபோகும். நேரத்தை ஏற்கெனவே எல்லாரும் கூடும் ஒன்றோடு கட்டுங்கள்: இரவு உணவு முடிந்து தட்டு எடுக்கும் முன். இரவு ஷிஃப்ட்காரர் காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் ஐந்து நிமிடம் வைக்கலாம். மாற்கு சுவிசேஷத்தில் ஒரு சிறு பகுதி. பிள்ளைகளுக்குப் பழைய தமிழ் வேதாகமத்தின் நடை எட்டாவிட்டால் அவர்கள் ஆங்கிலத்தில் வாசிக்கட்டும், நீங்கள் தமிழில் வாசியுங்கள். ஒவ்வொருவரும் ஒரு கேள்வி கேட்கட்டும். தெரியாத கேள்விக்கு "பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லி மறுநாள் சொல்லுங்கள். பிறகு பிள்ளையின் பெயரைச் சொல்லி, அன்றைய அவர் காரியத்தைச் சொல்லி ஜெபியுங்கள். ஜெபத்துக்குள் கண்டனத்தை நுழைக்காதீர்கள்: "ஆண்டவரே, இவன் கணக்கில் கவனமாக இருக்கும்படி" என்பது ஜெபமல்ல என்று பிள்ளைக்கு நன்றாகவே தெரியும்.

யோபு அதிகாலையில் எழுந்து தன் பிள்ளைகள் ஒவ்வொருவருக்காகவும் சர்வாங்க தகனபலி செலுத்தினார். அவர் பிள்ளைகள் அப்போது வளர்ந்து தனித்தனி வீடுகளில் இருந்தவர்கள். ஆகவே தேசிய சேவைக்குப் போன மகனும், கல்யாணமாகிப் போன மகளும் உங்கள் பட்டியலிலிருந்து நீங்குவதில்லை. வேவுபார்ப்பதும் அறிவுரை சொல்வதும்தான் நீங்க வேண்டும்.

"கர்த்தர் நகரத்தைக் காவாராகில் காவலாளர் விழித்திருக்கிறது விருதா" (சங்கீதம் 127:1). காவலாளன் தூங்கலாம் என்று அந்த வசனம் சொல்லவில்லை. இவ்வளவும் செய்த வீட்டிலும் நோய் வரும், பிள்ளை வழிமாறும். அப்போது எந்தச் சுவரைக் கட்டாமல் விட்டோம் என்று தகப்பன் தன்னையே தின்றுகொள்ளக் கூடாது. யோபுவின் பிள்ளைகளும் ஒரே நாளில் மாண்டார்கள். அது அவர் பலியில் வந்த குறையல்ல.

படி 7: கோப்பும் தேதியும்

ஒரு கோப்பு வாங்கி இவற்றை வையுங்கள்: உயிலின் மூலப்பிரதி, மசேநிதி நியமனத்தின் உறுதிப்படுத்தல், எல்பிஏ நகல், காப்புறுதித் திட்டங்களின் எண்கள், வங்கிக்கணக்குகளின் பட்டியல், கடன் தாள், பிறப்பு, ஞானஸ்நான, திருமணச் சான்றிதழ்கள். காப்புறுதிகளுக்கும் டிபிஎஸுக்கும் பயனாளரை அந்தந்த நிறுவனத்தில் தனியாக நியமிக்க வேண்டுமா என்று கேட்டு, பதிலைத் தாளில் குறியுங்கள். உயிலை வங்கிப் பெட்டகத்தில் உங்கள் பெயரில் மட்டும் பூட்டினால், உங்களுக்குப் பின் அதைத் திறப்பதே ஒரு வழக்காகும். வீட்டில், தண்ணீர் படாத இடத்தில், மனைவிக்கும் உயிலை நிறைவேற்றுபவருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை, புத்தாண்டு ஆராதனை முடிந்த அந்த வாரத்தில், இருவரும் உட்கார்ந்து திறந்து பாருங்கள். குழந்தை பிறந்தால், வீடு மாறினால், வேலை மாறினால், பெற்றோர் ஒருவர் இறந்தால் ஆண்டு முடியக் காத்திருக்காதீர்கள். ஒவ்வொரு தாளிலும் கடைசியாகப் பார்த்த தேதியைப் பென்சிலில் எழுதுங்கள். உயிலின் மூலப்பிரதியில் மட்டும் எதையும் எழுதவோ, ஊசி குத்தவோ, கிளிப் மாட்டவோ வேண்டாம். அதன் தேதியை வெளி உறையில் குறித்தால் போதும்.